சர் எட்வர்டு கோக் அவர்களுக்கு ஒரு சென்னை வழக்கறிஞரின் நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்து வாதாடும் வழக்கறிஞன் நான். உங்கள் நாட்டுச் சட்டத்தை நாங்கள் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை. வணிகம் செய்ய வந்த கம்பெனியும் அதன் பின்னால் வந்த அரசும் எங்கள் மீது சுமத்தியது அது. அதில் எங்களை ஒடுக்கியவை பல உண்டு. ஆனால் ஒடுக்குகிறவனையே நிறுத்திக் கேள்வி கேட்கும் வழி ஒன்றும் அதற்குள் இருந்தது. அந்த வழிக்காக, நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நீதிபதியாகவும் பின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நீங்கள் பட்ட பாட்டை நினைத்து இதை எழுதுகிறேன்.

எங்கள் மாநிலத்தில் ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைக்க மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஓர் உத்தரவில் கையெழுத்திட்டால் போதும். 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம் அதற்கு இடம் தருகிறது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டு வருகிற தண்டனை அல்ல அது. இந்த ஆள் வெளியே இருந்தால் பொது ஒழுங்குக்குக் கேடு என்று அதிகாரி மனநிறைவு அடைந்தால், ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அடைக்கப்பட்டவரின் தாயோ மனைவியோ ஒரு கட்டு நகல்களோடு எங்களிடம் வந்து, "ஹெச்.சி.பி. போடணும் சார்" என்பார்கள். அந்த ஆட்கொணர்வு மனு இரு நீதிபதிகள் அமர்வின் முன் வரும். கைதி கொடுத்த முறையீட்டை அரசு ஏன் தாமதமாகப் பரிசீலித்தது, அவருக்குத் தந்த நகல்கள் படிக்கும்படி இருந்தனவா, ஆங்கில ஆவணங்களுக்குத் தமிழாக்கம் கொடுத்தார்களா என்று நீதிபதிகள் கேட்பார்கள். இவற்றில் ஒன்று பிசகினாலும் உத்தரவு ரத்தாகலாம். வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதைச் சட்டத்தின் ஓட்டை என்கிறார்கள். எனக்கு இந்தச் சிறு கேள்விகள் மிகப் பெரியவை. உன் மனநிறைவு மட்டும் போதாது, காரணத்தைக் காட்டு என்று ஆள்கிறவரிடம் கேட்கும் உரிமை அவற்றுக்குள் இருக்கிறது. மனு விசாரணைக்கு வருவதற்குள் பல மாதங்கள் சிறையிலேயே கழிந்துவிடுகின்றன என்ற வேதனையும் எங்களுக்கு உண்டு. ஆனாலும் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

1627இல் உங்கள் நாட்டில் அதே கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. மன்னர் முதலாம் சார்லஸ் கட்டாயக் கடன் கேட்டார். கொடுக்க மறுத்துச் சிறைப்பட்டவர்களில் சர் பட்டம் பெற்ற ஐந்து பேர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டதற்கு, மன்னரின் தனி ஆணை என்பதே பதிலாக வந்தது. வேறு காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. நீதிபதிகள் அதை ஏற்று அவர்களைச் சிறைக்கே திருப்பி அனுப்பினார்கள். வரம்பற்ற அதிகாரம் என்றால் என்ன என்று என்னிடம் இளம் வழக்கறிஞர்கள் கேட்டால், வெர்சாய் அரண்மனையையும் பதினான்காம் லூயியின் ஆடம்பரத்தையும் நான் சொல்வதில்லை. இந்த ஒற்றைப் பதிலைச் சொல்கிறேன்.

ஆனால் என் நன்றி அதற்கு இருபது ஆண்டுகள் முன்பிருந்தே தொடங்க வேண்டும். மன்னரோடு நீங்கள் மோதிய சந்திப்பை உங்கள் தீர்ப்புத் தொகுப்பு 1607 என்று குறிக்கிறது. அப்போது முதலாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையில் இருந்தார். முடியாட்சியைப் பற்றி அவரே 1598இல் நூல் எழுதியவர். அரசன் இறைவனுக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அவருடைய கொள்கை. பேராயர் பான்கிராஃப்ட் அவரிடம், நீதிபதிகள் மன்னரின் பிரதிநிதிகள்தாமே, ஆகவே எந்த வழக்கையும் மன்னர் தாமே எடுத்து விசாரிக்கலாம் என்று சொல்லியிருந்தார். பொது வழக்குகள் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக நீங்கள், அப்படி முடியாது என்றீர்கள். மன்னர் சினந்தார். சட்டம் என்பது அறிவின் மேல் நிற்பது என்கிறார்கள், எனக்கும் பிறருக்கும் நீதிபதிகளுக்கு இருப்பது போன்ற அறிவு இல்லையா என்று கேட்டார்.

அவர் கேட்டது அசட்டுத்தனமான கேள்வி அல்ல. ஜேம்ஸ் படித்தவர், கூர்மையானவர். நீங்களும் அவருடைய அறிவைக் குறைத்துப் பேசவில்லை. இறைவன் மன்னருக்குச் சிறந்த அறிவைத் தந்திருக்கிறான், ஆனால் மக்களின் உயிரையும் சொத்தையும் பற்றிய வழக்குகள் பிறப்பிலே வரும் அறிவைக் கொண்டு தீர்க்கப்படுபவை அல்ல, நீண்ட படிப்பாலும் பழக்கத்தாலும் பெறும் பயிற்சியறிவைக் கொண்டு தீர்க்கப்படுபவை என்றீர்கள். அப்படியானால் நான் சட்டத்துக்குக் கீழே என்றாகிறதே, அப்படிச் சொல்வது துரோகம் அல்லவா என்றார் மன்னர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் பிராக்டனைத் துணைக்கு அழைத்தீர்கள். மன்னர் எந்த மனிதனுக்கும் கீழ்ப்பட்டவர் அல்லர், இறைவனுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவர் என்பது அவர் வகுத்தது.

இது நீங்கள் எழுதிவைத்த கதை. அங்கிருந்த வேறு சிலரின் கடிதங்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. மன்னர் கையை ஓங்கினார் என்றும், நீங்கள் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டீர்கள் என்றும், அமைச்சர் சிசில் பிரபு குறுக்கிட்டு உங்களுக்காக மன்றாடினார் என்றும் அவற்றில் இருக்கிறது. இரண்டில் எது உண்மை என்று உங்களிடம் வழக்காட நான் வரவில்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். உடல் விழுந்திருக்கிறது, சொன்ன சொல் விழவில்லை. அந்தச் சந்திப்புக்குப் பிறகும், அந்தச் சண்டைக்கே காரணமான தடையாணைகளைத் திருச்சபை நீதிமன்றங்களுக்கு அனுப்புவதை நீங்கள் நிறுத்தவில்லை. 1610இல், பிரகடனம் வெளியிட்டு மன்னர் புதிதாக ஒரு குற்றத்தை உண்டாக்க முடியாது, சட்டம் தருகிற தனியுரிமை தவிர வேறெதுவும் அவருக்குக் கிடையாது என்று எழுதினீர்கள். அஞ்சி நடுங்கிய மனிதன் மறுநாள் எழுந்து அதே வேலையைச் செய்கிறான் என்பது எனக்கு வீரக்கதையை விடப் பெரிது.

எதிர்த்தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரம்பற்ற ஆட்சி வேண்டும் என்றவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். பாரிசில் 1572இல் புனித பர்த்தலோமியு நாளில் மதத்தின் பேரால் மனிதர்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ழான் போதேன் இறையாண்மை பற்றிய தம் நூலை வெளியிட்டார். பிளவுபட்ட நாட்டில் இறுதிச் சொல் யாரோ ஒருவரிடம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் நிற்காது என்ற அச்சத்தில் எழுதியது அது. அந்தப் போதேன்கூடத் தம் அரசனை இறைச்சட்டத்துக்கும் இயற்கைச் சட்டத்துக்கும் கீழேதான் வைத்தார். உங்களுக்குப் பின்வந்த மெய்யியலாளர் ஹாப்ஸ் உங்கள் நாட்டு உள்நாட்டுப் போரைக் கண்டவர். 1651இல் அவர் எழுதிய லெவயதன் அந்த அச்சத்தின் முழு உருவம். பாதுகாப்பு வேண்டுமா, கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்துவிடு என்று அது பேரம் பேசுகிறது. இன்றும் குண்டுவெடிப்புக்கு மறுநாள் தேநீர்க் கடையில் இதே பேரம் நடக்கிறது. நல்ல மனிதர்களே அதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களை இகழ எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெற்றோரின் அச்சம் அது.

இந்தப் பேரம் எங்கே போய் முடியும் என்பதையும் உங்கள் நூற்றாண்டே காட்டியது. டென்மார்க்கில் 1665ஆம் ஆண்டின் அரசச் சட்டம், மன்னர் மனிதச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் மேற்பட்டவர் என்று எழுத்திலேயே வைத்தது. பிரான்சில் 1685இல் பதினான்காம் லூயி, சீர்திருத்தச் சபையாருக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்த் ஆணையை ரத்துசெய்தார். அவர்களின் வழிபாடு ஒரே நாளில் சட்டவிரோதமாயிற்று. லட்சக்கணக்கில் மக்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். மதப்போரை நிறுத்துவதற்காகக் கொடுத்த அதிகாரம் மதத்துக்காகவே மக்களைத் துரத்தியது. தடுத்துச் சொல்லும் தகுதி அந்த நாட்டில் யாருக்கும் மிஞ்சியிருக்கவில்லை.

ஹாப்ஸ் உங்களை நேரடியாகவே தாக்கினார். ஒரு மெய்யியலாளரும் சட்ட மாணவரும் பேசிக்கொள்வதாக அவர் எழுதிய உரையாடல் அவர் இறந்தபின் 1681இல் அச்சாயிற்று. சட்டத்தைச் சட்டமாக்குவது அறிஞர்களின் ஞானம் அல்ல, ஆணையிடுகிறவனின் அதிகாரம் என்பது அதில் அவர் வாதம். வழக்கறிஞர்களின் பயிற்சியறிவு என்று தனியாக ஒன்று ஏது, அறிவு என்றால் மனித அறிவு ஒன்றுதான் என்றும் கேட்டார். நீதிபதிகள் தங்கள் தொழிலுக்கு மந்திரச் சாயம் பூசுகிறார்கள் என்ற அவருடைய ஐயம் முழுக்கத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் கூட்டத்தில் அந்தச் சாயம் நிறையவே உண்டு. ஆனாலும் நீங்கள் சொன்னதன் உள்ளே அவர் காணாத ஒன்று இருக்கிறது. பல தலைமுறைகள், பல தலைகள், பல வழக்குகள் சேர்ந்து அரைத்துச் சலித்து வந்தது எந்தத் தனி மனிதரின் அறிவையும் விடப் பெரியது என்றீர்கள். எவ்வளவு அறிவாளியானாலும் ஒருவர் தலைக்குள் அது அடங்காது. மன்னரின் தலைக்குள்ளும் அடங்காது, தலைமை நீதிபதியின் தலைக்குள்ளும் அடங்காது.

இந்த இடத்தில்தான் அரசியலும் மெய்யியலும் கைகோக்கின்றன என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் எக்காலத்துக்கும் பொருந்தும் நெறி ஒன்று உண்டு என்பதை மெய்யியலில் முற்றுண்மைக் கொள்கை எனலாம். அதைக் கேட்டதும் இன்று படித்தவர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். எல்லாம் அவரவர் பார்வை, அவரவர் காலம் என்று சொல்வதே கொடுங்கோன்மைக்கு மருந்து என்று நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெறி என்று எதுவுமே நிலையாக இல்லாவிட்டால் இரண்டு விருப்பங்கள் மோதும்போது வலுத்தவன் விருப்பம்தானே மிஞ்சும்? நீங்கள் ஜேம்ஸிடம், உங்கள் பார்வை உங்களுக்கு, என் பார்வை எனக்கு என்று சொல்லவில்லை. இருவருக்கும் மேலே ஒன்று இருக்கிறது என்றீர்கள். அதே மூச்சில், அது உங்கள் கைப்பொருள் அல்ல என்றும் சொன்னீர்கள். உண்மை ஒன்று இருப்பது வேறு, அதற்குச் சொந்தக்காரன் நான் என்று ஒருவன் வருவது வேறு. மதத்தின் பேரால் வந்த லூயியானாலும், பிற்காலத்தில் வரலாற்றின் விதியை அறிந்துவிட்டோம் என்று வந்த கட்சிகளானாலும், மனிதர்களை அழித்தவர்கள் இந்த இரண்டாவதைத்தான் செய்தார்கள்.

சித்திரவதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, போரோ நெருக்கடியோ எந்தச் சூழ்நிலையும் அதற்கு நியாயம் ஆகாது என்கிறது. விதிவிலக்கே இல்லாத தடை அது. இந்தியா 1997இல் கையெழுத்திட்டும் இன்னும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை என்பதை வெட்கத்துடன் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு முழுத்தடை இருந்தால்தான் லாக்கப்பில் கிடப்பவனுக்கு ஏதாவது காப்பு உண்டு. சூழ்நிலையைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டால், சூழ்நிலையை வரையறுப்பவர் லத்தியைக் கையில் வைத்திருப்பவர்தான்.

உங்கள் கைகளும் இதில் சுத்தமானவை அல்ல. அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது சித்திரவதை ஆணைகளில் உங்கள் பெயர் இருந்தது. 1603இல் சர் வால்டர் ராலேயின் மீதான வழக்கில், தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன கோப்ஹாம் பிரபுவை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று அவர் மன்றாடினார். நீங்கள் வசை பொழிந்தீர்கள், கோப்ஹாம் வரவேயில்லை. 1617இல், இழந்த செல்வாக்கை மீட்பதற்காக, உங்கள் மகள் பிரான்செசை, அவள் விருப்பத்துக்கு மாறாக, மன்னருக்கு நெருக்கமான பக்கிங்காம் பிரபுவின் அண்ணனுக்கு மணமுடித்தீர்கள். தாய் ஒளித்துவைத்திருந்த வீட்டின் கதவை உடைத்து அவளைத் தூக்கிவந்தீர்கள். மன்னருக்கு எல்லை வகுத்தவருக்கு அப்பாவின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்பது தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்காக ஆட்கொணர்வு மனு போட அன்று யாரும் இல்லை. எங்கள் ஊரில் சாதி மாறிக் காதலித்ததற்காக வீட்டில் அடைக்கப்படும் பெண்களுக்காக இன்று அதே மனுவைப் போடுகிறோம். உங்களிடமிருந்து வந்ததை உங்களுக்கு எதிராகவே நீட்டிச் செல்ல முடிகிறது என்பதும் என் நன்றிக்கு ஒரு காரணம். பின்னாளில் உங்கள் நூலில், சித்திரவதைக்கு இங்கிலாந்தின் சட்டத்தில் இடமில்லை என்று எழுதினீர்கள். முன்பு செய்ததை அது அழித்துவிடாது. ஆனாலும் எழுதினீர்கள்.

1616 ஜூன் 6ஆம் நாளுக்கு வருகிறேன். மன்னருக்கு அக்கறையுள்ள ஒரு திருச்சபை மானிய வழக்கை, தம்மிடம் கலந்து பேசும்வரை நிறுத்திவைக்கும்படி அவர் சொல்லி அனுப்பியிருந்தார். நீதிபதிகளாகிய நீங்கள் மறுத்துக் கடிதம் எழுதினீர்கள். பன்னிரண்டு பேரையும் அழைத்து முழந்தாளிட வைத்தார்கள். இனிமேல் மன்னர் கேட்டால் வழக்கை நிறுத்துவீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டது. பதினொரு பேர் நிறுத்துவோம் என்றார்கள். அப்படி ஒரு வழக்கு வரும்போது ஒரு நீதிபதி எதைச் செய்வது தகுமோ அதைச் செய்வேன் என்றீர்கள் நீங்கள். அந்த நவம்பரில் பதவி பறிபோயிற்று.

அதோடு நீங்கள் ஓய்ந்திருக்கலாம். நாடாளுமன்றத்துக்குப் போனீர்கள். 1621இல் அவை தன் உரிமைகளை எழுதிவைத்த பக்கத்தை மன்னர் தம் கையாலேயே கிழித்தார். நீங்கள் எழுபது வயதை நெருங்கிய நிலையில் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனீர்கள். 1628இல், ஐந்து பேரின் வழக்குக்குப் பதிலாக, உரிமை வேண்டுகை மனுவை எழுதி முன்நின்று நடத்தினீர்கள். காரணம் காட்டாமல் சிறை கூடாது, நாடாளுமன்றம் ஒப்பாமல் வரி கூடாது, வீடுகளில் படைவீரர்களைத் திணிக்கக் கூடாது, அமைதிக் காலத்தில் படைச்சட்டம் கூடாது என்றது அது. மன்னரின் இறையாண்மை அதிகாரத்துக்குக் குறைவில்லாமல் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், எல்லாம் சுமுகமாகும் என்று பிரபுக்கள் அவை சொன்னது. அந்த ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் விழுங்கிவிடும் என்று கண்டு நீங்கள் மறுத்தீர்கள். இன்னொரு நாள் பேச எழுந்தபோது கண்ணீர் பெருகி உட்கார்ந்துவிட்டீர்கள் என்று அன்று அவையில் இருந்தவர் எழுதியிருக்கிறார். எழுபத்தாறு வயது மனிதர். ஜூன் 7 அன்று மன்னர் இசைவு தந்தார்.

எங்கள் தமிழ் மரபிலும் நீதிக்குத் தலைவணங்கிய மன்னர்கள் உண்டு. கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன், கண்ணகி முன் தன் தவறு உணர்ந்து அரியணையிலேயே உயிர்விட்ட பாண்டியன் நெடுஞ்செழியன் ஆகியோரின் கதைகளைக் கேட்டே வளர்ந்தோம். அவற்றை நான் உயிராக மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதைகளில் நீதி, அரசனின் மனச்சாட்சியிலிருந்து பிறக்கிறது. பாண்டியன், சிலம்பைப் பார்க்கமாட்டேன், காவலரே இவளை இழுத்துச் செல்லுங்கள் என்று சொல்லியிருந்தால்? நீங்கள் கட்டியது அப்படிப்பட்ட அரசனுக்காக.

அப்படி ஒரு காலம் எங்களுக்கும் வந்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவைச் செயல்படுத்தக் கோரி நீதிமன்றம் போகும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. பல உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களைத் தொடர்ந்து ஏற்றன. அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஜபல்பூர் வழக்கு என்று அதைச் சொல்கிறோம். நீதிபதி எச்.ஆர்.கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் கேட்டார்: சொந்தப் பகையால் ஒரு காவலர் ஒருவரைக் கொன்றால்கூட நிவாரணம் கிடையாதா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். உயிருரிமையின் ஒரே இருப்பிடம் 21ஆம் பிரிவு, அதை நாட முடியாதபோது வேறு புகலிடம் இல்லை என்பது அவர்கள் தர்க்கம். கன்னா ஒருவர் மட்டும், 21ஆம் பிரிவே இல்லாவிட்டாலும் சட்டத்தின் ஆணையின்றி ஒருவர் உயிரைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் இருந்திராது என்றார். மெய்யியல் வகுப்பில் விவாதிக்கும் கேள்வி அன்று சிறைக்கதவில் வந்து நின்றது. உரிமை என்பது தாள் தருவதா, தாளுக்கு முன்பே இருப்பதா? தாள் தருவது என்று நான்கு பேர் முடிவெடுத்ததால் ஆயிரக்கணக்கானோர் உள்ளேயே இருந்தார்கள்.

1977 ஜனவரியில் கன்னாவைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளைத் தொட முடியாது என்று ஆயிற்று. 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பே தள்ளப்பட்டது. அந்த நான்கு பேரில் ஒருவரின் மகன், டி.ஒய்.சந்திரசூட், தம் தந்தையின் முடிவு பெரும் பிழை என்று எழுதினார். நீதிபதிகளும் அரசர்களாகிவிடக்கூடும் என்ற ஐயத்துக்கு நான் இன்னும் பதில் தேடுகிறேன். ஒருவர் எழுதிய தவறைப் பின்வருபவர் திறந்த மன்றத்தில் காரணம் சொல்லித் திருத்த முடிகிறது என்பது இதுவரை எனக்குக் கிடைத்த பதில். எந்த மன்னனின் பிரகடனத்துக்கும் அந்த வழி இருந்ததில்லை.

1634இல் ஸ்டோக் போஜசில் நீங்கள் இறக்கும் தறுவாயில் இருந்தபோது, சார்லசின் ஆட்கள் உங்கள் தாள்களை அள்ளிச் சென்றார்கள். இறக்கும் கிழவரின் கையெழுத்துப் பிரதிகளைக் கண்டு ஒரு பேரரசுக்கு அச்சம். பின்னர் நாடாளுமன்றம் அவற்றை மீட்டு அச்சிட வைத்தது. 1642இல் வந்த நூலில் மாக்னா கார்ட்டாவின் 29ஆம் அத்தியாயத்துக்கு நீங்கள் எழுதிய விளக்கத்திலிருந்து 1679ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டம் வரையிலும், அங்கிருந்து எங்கள் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவு வரையிலும் தொடர்ச்சி இருக்கிறது. அந்த விளக்கத்துக்காக என் முதல் நன்றி. முழந்தாளிட்டபடியே நீங்கள் சொன்ன பன்னிரண்டாவது பதிலுக்காக இரண்டாவது நன்றி.

பணிவன்புடன்,
உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவன்,
சென்னை